பிள்ளை கேட்கும் பஸ்கா: யூதப் பண்டிகைப் படப்புத்தகங்களும் பெனே இஸ்ரவேலரும்

சென்னையிலும் பின்னர் கடலூரிலும் ஊழியம் செய்த சர்த்தோரியுஸ் என்னும் ஜெர்மானிய மிஷனெரி, மேற்குக் கடற்கரைப் பக்கம் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரைக் குறித்துத் தாம் கேள்விப்பட்டவற்றை 1738ஆம் ஆண்டில் எழுதி அனுப்பினார். அவர்கள் தங்களைப் பெனே இஸ்ரவேல், அதாவது இஸ்ரவேல் புத்திரர், என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களிடத்தில் வேதாகமம் இல்லை. எபிரேயத்தில் அவர்களுக்குத் தெரிந்தது உபாகமம் 6:4இல் காணும் ‘ஷெமா’ அறிக்கை ஒன்றே. இவையே அச்செய்தியின் சாரம். கொங்கண நாட்டு யூதரைப் பற்றிக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் இது மிகப் பழமையானதென்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

அவ்வாண்டின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சீகன்பால்கு தொடங்கி ரூத் புத்தகம் வரை கொண்டுவந்து விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை ஷூல்ட்சே முடித்து, 1728க்குள் தரங்கம்பாடியில் தமிழ் வேதாகமம் முழுவதும் அச்சேறிவிட்டது. பூரணாங்குப்பத்திலிருந்து கடலோரமாய்த் தெற்கே போனால் ஒரு காலை நேரத்தில் எட்டிவிடக்கூடிய கடலூரில், அண்மையில் திருமுழுக்குப் பெற்ற ஒரு தமிழர் யாத்திராகமத்தைத் தம் தாய்மொழியில் வாசிக்கலாம். அந்த யாத்திராகமம் யாருடைய முன்னோரைப் பற்றியதோ அவர்கள் இதே தேசத்தின் மறு கரையில் அதன் ஓர் ஏட்டையும் கண்டதில்லை.

ஆயினும் அவர்கள் பண்டிகைகளை ஆசரித்தே வந்தார்கள். நூல் இல்லாத இடத்தில் பண்டிகை எங்கே தங்கியிருந்தது? அடுக்களையில் என்பதே விடை. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் (1830–1909) தம் மக்களின் வரலாற்றை எழுதுகையில் பண்டிகைகளுக்கு வழங்கிய பழைய மராத்திப் பெயர்களைக் குறித்து வைத்தார். பாவநிவாரண நாளுக்குப் பெயர் கதவடைக்கும் பண்டிகை. அன்று வீட்டுக் கதவைச் சாத்தி உபவாசமாய் உள்ளே இருப்பார்கள். ஆலயம் அழிந்த துக்க நாளாகிய ஆப் மாதம் 9ஆம் நாளுக்கு, அன்று உண்ணும் முளைகட்டிய பயற்றுக் குழம்பின் பெயர். பூரீமுக்கு, அதே பருவத்தில் வரும் அயலாரின் ஹோலிப் பெயர். பஸ்காவுக்கோ, புளிப்புச் சாறு வைத்த பாத்திரத்தை மூடிவைக்கும் பண்டிகை என்று பெயர். எகிப்தும் பார்வோனும் நினைவில் மங்கிப்போயினும், அந்நாட்களில் வீட்டில் புளிப்பு இருக்கலாகாது என்பதைப் பெண்கள் கைவிடவில்லை. எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைத்த இவர்கள் சனிக்கிழமையன்று செக்கு ஓட்டாமையால் ‘சனிவாரத் தேலி’, சனிக்கிழமைச் செக்கார், என்று ஊரார் அழைத்தனர். ஓய்வுநாள் கட்டளையை ஊரார் வாயே ஏடாகக் காத்தது என்று சொல்லலாம்.

யூதக் குடும்பத்தில் பண்டிகை பிள்ளையின் பொருட்டு அமைக்கப்பட்டது என்பதை நம் மாணவர் பலர் கவனிப்பதில்லை. யாத்திராகமம் 12:26, 13:8, 13:14, உபாகமம் 6:20 ஆகிய நான்கு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பிள்ளை கேட்கும், தகப்பன் சொல்லவேண்டும் என்பதே கட்டளையின் வடிவமாக இருப்பது புலனாகும். 13:8இல் பிள்ளை கேட்பதாகவும் இல்லை. கேளாத பிள்ளைக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. ரபீமார் இந்நான்கு வசனங்களிலிருந்து நான்கு புதல்வரை உருவாக்கினர்: ஞானமுள்ளவன், பொல்லாதவன், பேதை, கேட்கவும் அறியாதவன். ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பஸ்கா இராப்போஜனத்தில் மகன் கேட்கவேண்டிய கேள்விகளைத் தருகிறது; மகனுக்கு அறிவு போதாவிடில் தகப்பனே அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரவின் ஒழுங்கைக் கூறும் நூலே ஹகதா. பந்திக்கு வேண்டிய புளிப்பில்லா அப்பத்தில் ஒரு துண்டை மறைத்து வைப்பதும், அதைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதும், முடிவில் ஆட்டுக்குட்டி, பூனை, நாய், தடி என்று சங்கிலியாய் நீளும் பாட்டும், சிறுவர் உறங்கிவிடாதிருக்கச் செய்த உபாயங்களே. பண்டிகைக்கு முந்திய இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி மூலைமுடுக்கெல்லாம் புளித்தமாவைத் தேடி, இறகினால் கூட்டியெடுத்து, மறுநாட் காலையில் எரிப்பார்கள். போகியன்று விடியற்காலையில் நம் தெருக்களில் பிள்ளைகள் தீயைச் சுற்றி நின்று பறை கொட்டுவதைக் கண்டவர்களுக்கு, அக்காலை எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நூலில் படங்கள் புகுந்ததில் வியப்பில்லை. தென் ஜெர்மனியில் ஏறக்குறைய 1300இல் எழுதப்பட்ட ஹகதா ஒன்றில் மனிதருக்குப் பறவைத் தலைகள் வரையப்பட்டுள்ளன. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தீட்டப்பட்ட ஹகதா இன்று சரயேவோ நகரில் இருக்கிறது. அச்சில் வந்தவற்றுள் 1526இல் பிராகு நகரில் வெளியானது புகழ்பெற்றது. நமக்கு மிகவும் ஆர்வமூட்டுவது 1695ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் பதிப்பு. அதற்குச் செம்புத் தகட்டில் படம் வெட்டிய ஆபிரகாம் பார் யாக்கோபு, யூத மார்க்கத்தைத் தழுவிய ஒரு ஜெர்மானியர். முன்பு கிறிஸ்தவப் போதகராயிருந்தவர் என்று சொல்லப்படுகிறது. அவர் தம் படங்களுக்கு மாதிரியாகக் கொண்டவை, பாசல் நகரில் பிறந்த புராட்டஸ்டன்ட் சித்திரக்காரர் மத்தேயு மேரியன் வெளியிட்ட வேதாகமப் படங்கள். நம் முன்னோர் வீட்டுப் பிள்ளைகளுக்கென வெட்டிய படம் யூதர் வீட்டுப் பந்திக்குப் போய் அமர்ந்தது. அதன்பின் ஐரோப்பாவின் எத்தனையோ ஹகதாக்கள் இப்பதிப்பைப் பார்த்தே வரைந்தன. பொல்லாத மகனைப் போர்ச்சேவகனாக வரையும் வழக்கமும் இவ்வாறே பரவியது. ஒவ்வொரு காலமும் தான் அஞ்சுகிறவனைப் பொல்லாத மகனாக எழுதிற்று. 1940இல் லண்டனில் வெளியான ஹகதாவில் போலந்துச் சித்திரக்காரர் ஆர்தர் ஷிக், அவனை ஜெர்மானிய உடையில் தீட்டினார்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். மும்பையில் 1796இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் முதல் ஜெபாலயத்தைக் கட்டியபின்பும், பெனே இஸ்ரவேலருக்கு ஜெபநூல் தாய்மொழியில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இருவர் அவர்களுக்கு ஆசிரியராக வந்தனர். கொச்சி யூதர் வந்து வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். அமெரிக்க மிஷனும் ஸ்காத்லாந்து மிஷனும் பள்ளிகளைத் திறந்து, மராத்தி வேதாகமத்தை அவர்கள் கையில் கொடுத்தன. அவர்களுக்கென்றே ஜான் வில்சன் எபிரேய இலக்கணச் சுருக்கமொன்றை மராத்தியில் எழுதி 1832இல் வெளியிட்டார். மிஷனெரிமாரின் நோக்கம் ஒளிவுமறைவானதன்று. பழைய ஏற்பாட்டை வாசிப்பவர் புதிய ஏற்பாட்டுக்கு வருவார் என்று எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. வந்தவர் மிகச் சிலரே. மற்றவர்கள் தாங்கள் பெற்ற எழுத்தைக் கொண்டு, தங்கள் பாட்டிமார் மூடிவைத்த புளிப்புப் பாத்திரத்தின் பொருளை முதன்முறையாக வாசித்து அறிந்தனர். முன்னிலும் தெளிந்த யூதராயினர். 1846இல் மும்பையில் எபிரேயமும் மராத்தியுமாகக் கல்லச்சில் ஒரு ஹகதா வெளிவந்தது. பின்னர் ஜோசப் எசேக்கியேல் ராஜ்பூர்கர் எபிரேய ஜெபநூல்கள் பலவற்றை மராத்தியில் பெயர்த்தார். கெஹிம்கர் 1875இல் மும்பையில் இஸ்ரவேலர் பள்ளியை நிறுவினார்.

மிஷன் வரலாறுகள் இதைத் தோல்விக் கணக்கில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வேதத்தைக் கொடுத்தவர் கொடுத்ததோடு நின்றார். அது என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிட அவரால் இயலவில்லை. வேதத்தைப் பற்றி நாம் பிரசங்கபீடத்தில் சொல்லுகிறவற்றை உண்மையாகவே நம்புவோமானால், இதில் வருந்த என்ன இருக்கிறது?

1874இல் பூனாவில் வெளியான ஹகதாவே நம் பொருளுக்கு நடுநாயகம். மோசே யாக்கோபு தல்கர், ஆரோன் தானியேல் தல்கர் ஆகிய இருவர் பெயரில் வந்தது. அச்சிட்டவர் விட்டல் சகாராம் அக்னிஹோத்ரி. பெயரே வேள்வித்தீ வளர்க்கும் மரபைச் சொல்லும் ஒருவரின் அச்சகத்திலிருந்து எகிப்தின் அடிமைத்தன வரலாறு வெளிவந்தது என்பது இந்நாட்டுக்கே உரிய அழகு. நூலின் அமைப்பு பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்புகளைத் தழுவியது. ஆனால் புளிப்பில்லா அப்பம் செய்யும் காட்சியில் ஓவியர் ஐரோப்பாவை விட்டுவிட்டார். புடவை உடுத்த பெண்கள் தரையில் உட்கார்ந்து மாவு பிசைந்து அப்பம் சுடுகிறார்கள். கொங்கணத்துப் பிள்ளை ஒன்று அந்தப் பக்கத்தைத் திருப்பியவுடன் தன் தாயைக் கண்டிருக்கும். யாத்திராகமம் 13:8இன் கருத்து, எகிப்தினின்று புறப்பட்டவன் நானே என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்லவேண்டும் என்பதன்றோ? அதைப் பூனா ஓவியர் ஒரு புடவை முந்தானையைக் கொண்டு சொல்லிவிட்டார்; உரையாசிரியருக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டிருக்கும்.

சிறுவருக்கென்றே செய்யப்பட்ட ஹகதாக்களுள் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. சில்பர்மான் தொகுத்து, எர்வின் சிங்கர் படம் வரைந்த ‘பிள்ளைகளின் ஹகதா’ பெர்லினில் வெளியானது. அதில் தாளை இழுத்தால் அசையும் படங்கள் உண்டு. நதியில் மோசேயின் கூடையும் செங்கடலில் பார்வோனின் சேனையும் பிள்ளையின் விரலுக்கு அசையும். வெளியான ஆண்டு 1933. அவ்வாண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். மே மாதத்தில் அதே நகரில் புத்தகங்கள் தெருவில் எரிக்கப்பட்டன. 1937இல் அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு லண்டனிலிருந்து வந்தது. தாளை இழுத்துப் பார்வோனை மூழ்கடித்த பெர்லின் பிள்ளைகளுள் எத்தனைபேர் தப்பினர் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்நூலைப் பார்க்க இயலாது.

அமெரிக்காவில் இவ்விலக்கியம் பெருகிய வரலாற்றை விரித்துரைக்க இடமில்லை. 1935இல் சேடி ரோஸ் வைலர்ஸ்டைன், கட்டைவிரலளவு சிறுவனாகிய ‘கெட்டோண்டோன்’ பண்டிகைதோறும் செய்யும் குறும்புகளைக் கதையாக்கினார். 1974இல் மேரிலாந்தில் இரு தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக ஆக்கிய சிறுவர் ஹகதாவிலிருந்து கார்-பென் என்னும் பதிப்பகமே பிறந்தது. 2005இல் மாசச்சூசெட்ஸில் தொடங்கிய ‘பிஜே நூலகம்’ யூதக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் படப்புத்தகத்தை விலையின்றி அனுப்புகிறது. மொழியும் அயலும் மாறிவிட்ட குடும்பங்களில், கேட்க அறியாத பிள்ளைக்கு மட்டுமல்லாமல் சொல்ல அறியாத பெற்றோருக்கும் இப்புத்தகங்கள் உதவுகின்றன என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி நம் காரியம். பூரணாங்குப்பத்தையொத்த ஊர்களில் ஓய்வுநாட்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டும்போது நாம் கேட்ட கேள்வி ஒன்று: “ஐயா, யூதர் இப்பவும் இருக்காங்களா?” நகைப்பதற்குரிய கேள்வியன்று. நாம் காட்டிய படங்களில் அவர்கள் செத்துப்போன மக்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சுருள்படங்களிலும் பிளானல் பலகைப் படங்களிலும் ஆண்டவரும் சீஷரும் வெண்ணிற ஐரோப்பியர். யூதாஸ் ஒருவனே வளைந்த மூக்குடைய யூதன். பெரிய வெள்ளி நாடகத்தில் நம் வாலிபர் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு சிலுவையில் அறையக் கூச்சலிடும்போது, அவர்களே யூதர் என்று அறிவிக்கப்படுகிறது. அதே மேடையில் மரியாளும் பேதுருவும் யூதர் என்று எவரும் அறிவிப்பதில்லை. இதைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, பஸ்கா என்பது நம்முடைய இராப்போஜனம் வரும்வரை காத்திருந்து, வந்தவுடன் மறைந்த ஒரு நிழல். நிழலுக்கு வீடும் அடுப்பும் ஏது?

ஐரோப்பாவில் இந்த அறியாமை இரத்தம் சிந்தியது. 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் இறந்த ஒரு சிறுவனை யூதர் கொன்றனர் என்று கட்டிய கதை பிற ஊர்களுக்கும் பரவி, பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவப் பிள்ளையின் இரத்தம் கலக்கிறார்கள் என்ற பழியாய் முற்றியது. 17ஆம் நூற்றாண்டில் போலந்தின் தாவீது ஹலேவி என்னும் ரபீ, இப்பழிக்கு அஞ்சிப் பஸ்கா இரவில் சிவந்த திராட்சரசத்தைத் தவிர்க்கும்படி எழுத நேர்ந்தது. லூத்தர் 1543இல் யூதருக்கு விரோதமாய் எழுதிய நூலை நம் இறையியற் கல்லூரிகளில் சீர்திருத்தப் பாடத்தின்போது மெல்லக் கடந்துவிடுகிறோம், கடக்கலாகாது. இத்தேசத்தில் பெனே இஸ்ரவேலர் அயலாரால் அவ்விதம் துன்புறுத்தப்படவில்லை என்பதும் பாடத்தில் இடம்பெறத் தக்கது. இன்று அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டில் இருக்கின்றனர். அங்கும் அவர்கள் முழு யூதரே என்று 1964இல் அறிக்கையிடப்படும்வரை போராட வேண்டியிருந்தது. மும்பையிலும் தானேயிலும் சில ஆயிரம் பேர் எஞ்சியுள்ளனர்.

அண்மைக் காலத்தில் சில சபைகளில் பெரிய வியாழனன்று ‘பஸ்கா விருந்து’ நடத்தும் வழக்கம் வந்திருக்கிறது. ஹகதாவின் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழாக்கி, ஆண்டவர் அன்று இரவில் செய்தது இதுவே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார்கள். நல்லெண்ணத்தை மதிக்கிறோம், ஆனால் சரித்திரம் இடங்கொடாது. நாம் அறிந்த ஒழுங்கு கி.பி. 70இல் ஆலயம் அழிந்து, ஆட்டுக்குட்டி பலியிடும் இடமில்லாமற்போனபின் ரபீமார் வகுத்தது. ஹகதாவின் முழு வடிவம் 9, 10ஆம் நூற்றாண்டுகளின் பபிலோனிய ஜெபநூல்களிலேதான் நமக்குக் கிடைக்கிறது. கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா என்பதிலேயே முதல் மூன்று சுவிசேஷங்களும் யோவானும் நாளில் வேறுபடுகின்றன. இன்னொருவர் வீட்டுப் பிள்ளை தன் தகப்பனிடம் கேட்கும் கேள்வியை எடுத்து நம் மேடையில் ஒப்புவிப்பது எவ்வளவு தகும் என்பதையும் எண்ண வேண்டும். விருந்தைப் போலி செய்வதைவிட, பூனாப் பதிப்பின் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவர்கள் யார், ஏன் புடவை உடுத்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்கவைப்பது நூறு மடங்கு நன்று என்பது நம் கருத்து.

அவ்வாறு கேட்டால் ஒரு சங்கடம் எழும். ஆசிரியர் ஆயத்தமாயிருப்பது நலம். ‘புளிப்பில்லா அப்பம்’ என்று நம் வேதாகமத்தில் வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் புளிப்பு என்றவுடன் நினைவுக்கு வருவது இட்லிமாவுப் பானை. ஆனால் ரபீமாரின் சட்டத்தில் விலக்கப்பட்ட புளித்தமா கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களினின்று வருவது மட்டுமே. அரிசியும் உளுந்தும் அதில் அடங்கா. கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி மரபினர் வழக்கம் கருதி அவற்றையும் பஸ்கா நாட்களில் தவிர்ப்பர். செபார்தி மரபினர் பலர் அரிசி உண்பர்.

ஹனுக்கா என்னும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இந்தத் தடையும் இல்லை. யோவான் 10:22இல் ஆண்டவர் ஆலயத்தில் உலாவியது அப்பண்டிகையில்தான். அதன் வரலாறு மக்கபேயர் நூல்களில் உள்ளது. புதுச்சேரியின் கத்தோலிக்க அயலார் தங்கள் வேதாகமத்திலேயே அதைப் படிக்க, நம் மாணவரோ தேடிப் போகவேண்டியிருக்கிறது. விளக்கெண்ணெய் தீராமல் எரிந்த அற்புதத்தை நினைந்து, யூதர் அந்நாட்களில் எண்ணெயில் பொரித்த பண்டங்களை உண்பர். 2017இல் அமெரிக்காவில் பமேலா எரன்பர்க் எழுதி அஞ்சன் சர்க்கார் படம் வரைந்த படப்புத்தகம் ஒன்றில், தந்தை வழியில் யூதமும் தாய் வழியில் இந்தியமும் கலந்த ஒரு குடும்பம் ஹனுக்காவுக்கு உருளைக்கிழங்கு அடைக்குப் பதிலாகத் தோசை சுடுகிறது. எதன்மீதும் ஏறிவிடும் குட்டித் தங்கை சேடியை அண்ணன் ஓயாமல் கீழிறக்கிக்கொண்டிருக்கிறான்; வீட்டார் எல்லாரும் வெளியே அகப்பட்டுக் கதவு பூட்டிக்கொண்டபோது, ஏறிப்போய்த் திறந்து விடுகிறவள் அவளே. உள்ளே விளக்கு ஏற்றப்படுகிறது. மாவு பானையில் காத்திருக்கிறது.